எத்தனை விக்கெட்?

இந்த மாசியில எங்க கொல்லையில மல்லாட்டை அம்பது நாள் பயிரா நிக்குது. மல்லாட்டைன்னா நீங்க சொல்ற வேர்க்கடலைதான், எங்க பக்கம் இப்படித்தான் சொல்லுவோம். ரெண்டாங்களை வெட்டி, ஜிப்சம் போட்டு, மண் அணைச்சாச்சு. இனிமே களைக்கொத்தைத் தூக்கிக்கிட்டு உள்ள எறங்கக் கூடாது. பூ பூத்த எடத்துல இருந்து ஊசி மாதிரி ஒரு விழுது கீழ எறங்கி மண்ணுக்குள்ள போயிருக்கும். அதோட நுனியிலதான் காய் புடிக்கும். அந்த நேரத்துல மண்ணைக் கிளறினா விழுது அறுந்துபோயிடும். ஆக, தண்ணி விடுறதைத் தவிர பெருசா வேலை இல்ல. வரப்புல உக்காந்து யோசிக்க நேரம் கெடைச்சதால இதை எழுதுறேன். ஆனா இந்தப் பதிவு மல்லாட்டையைப் பத்தி இல்ல. எங்க அக்கா பையனைப் பத்தி, கிரிக்கெட்டைப் பத்தி, முக்கியமா நான் பண்ண ஒரு தப்பைப் பத்தி.

2021 ஜனவரி 15ஆம் தேதி மாட்டுப் பொங்கல். காலையில மாட்டைக் குளிப்பாட்டுற வேலையைப் பாதியில போட்டுட்டு டீக்கடை டிவி முன்னாடி நின்னோம். ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் மைதானத்துல நம்ம நடராஜன் முதல் டெஸ்ட் ஆடுறாரு. சேலம் பக்கத்துல சின்னப்பம்பட்டி. அப்பா தறி ஓட்டுற கூலி, அம்மா ரோட்டோரம் கோழிக்கறிக் கடை. நெட்ல பந்து போடுறதுக்குன்னு கூட்டிக்கிட்டுப் போன ஆளு, அந்த ஒரே பயணத்துல ஒருநாள், டி20, டெஸ்ட் மூணுலயும் முதல் ஆட்டம் ஆடிட்டாரு. இந்தியாவுல இருந்து அதுக்கு முன்னாடி யாருக்கும் அப்படி அமையல. அந்த டெஸ்ட் முதல் இன்னிங்ஸ்ல மூணு விக்கெட். டீக்கடையே ஆடிப்போச்சு.

எங்க அக்கா பையனுக்கு அப்ப 14 வயசு. ஏரி காஞ்சதும் உள்ள ஸ்டம்ப் நட்டு டென்னிஸ் பந்துல ஆடுற பசங்கள்ல இவன் பந்துதான் கண்ணுக்குத் தெரியாம வரும். அன்னிக்கு டீக்கடையில யாரோ ஒருத்தர் அவன் தோள்ல தட்டி, "அடுத்தது நம்மூரு நடராஜன் இவன்தான்டா"ன்னாரு. அந்த யாரோ ஒருத்தர் நான்தான்.

அடுத்த காணும் பொங்கலுக்கு ஊர்ல நடத்துற போட்டியில ஃப்ளெக்ஸ் வெச்சப்ப அவன் போட்டோவைப் பெருசா போட்டோம். 'அனந்தபுரம் நடராஜன்'னு கீழ எழுத்து. அவனுக்கு வெக்கம். ஊருக்குப் பெருமை. ஸ்டிச் பந்துல பழகணும்னு விழுப்புரத்துக்கு பஸ் ஏத்தி விட்டோம். ஷூவு, பேட், பை எல்லாம் வாங்க தெருவுல வசூல் பண்ணோம். குடுத்தவங்க நூறு, எரநூறுன்னு குடுத்தாங்க. மல்லாட்டை வித்த காசுல நான் ரெண்டாயிரம் போட்டேன். காசு குடுக்குறப்ப யாரும் கடன்னு சொல்லல. ஆனா வாங்குனவன் மனசுல அது கடனாத்தான் எழுதிக்கிச்சுன்னு எங்களுக்குத் தெரியல.

போன வருஷம் சென்னையில நாலாவது டிவிஷன் லீக்ல ஒரு டீம்ல எடம் கெடைச்சுது. நகரத்துல இருக்குற உங்களுக்கே இந்த லீக்கெல்லாம் எங்க நடக்குதுன்னு தெரிஞ்சிருக்காது. டிவியில வராது, பேப்பர்ல ஒத்த வரி வந்தா உண்டு. அங்கேருந்து மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு ஏறணும். அதுக்கு நடுவுல டிஎன்பிஎல் ஆளுங்க கண்ணுல படணும், மாநில அணி கண்ணுல படணும். பத்துல ஒம்போது பேரு பாதியிலயே எறங்கிடுவாங்க. ஆனா இப்ப ஸ்கோர் போடுற ஆப் இருக்கு. யாரும் வேடிக்கை பாக்காத மேட்சுல அவன் போடுற ஒவ்வொரு பந்தையும் அனந்தபுரத்துல நாப்பது பேரு போன்ல பாத்தோம். அவன் ஒரு ஃபோர் குடுத்தா இங்க டீக்கடையில உச்சு கொட்டுற சத்தம் கேக்கும்.

ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஆனா நான் போன் போடுவேன். எடுத்ததும் மொதக் கேள்வி, "எத்தனை விக்கெட்?" தெரிஞ்சுக்கிட்டேதான் கேப்பேன். ஒண்ணு, ரெண்டுன்னு சொன்னா, "பரவால்ல, அடுத்த மேட்ச்ல அஞ்சு எடு". ஒண்ணும் இல்லன்னா, "என்னடா ஆச்சு, நடராஜன் இந்த லீக்ல இருந்துதான வந்தாரு". இது அவனுக்கு ஊக்கம்னு நெனச்சேன்.

ஐப்பசியில ஒரு நாள் அக்கா அழுதுக்கிட்டே ஓடியாந்தாங்க. பையன் குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியாம உக்காந்துட்டானாம். ஸ்கேன்ல கீழ் முதுகு எலும்புல கீறல். வேகமா பந்து போடுற சின்னப் பசங்களுக்கு இது அடிக்கடி வர்றதுதான்னு டாக்டர் சொன்னாரு. அந்த வயசுல முதுகெலும்பு இன்னும் முழுசா இறுகி முடிஞ்சிருக்காது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பக்கமா வளைஞ்சு முறுக்குறப்ப ஒரே எடத்துல பாரம் எறங்கும். ஓய்வு குடுத்தா எலும்பு தானா ஆறிக்கும், குடுக்கலன்னா கீறல் பெருசாகும். பும்ராவே 2019ல இந்தக் கீறலால ஒக்காந்தவருதான். அதனாலதான் இந்த வயசுக்கு ஒரு வாரத்துக்கு இத்தனை பந்துக்கு மேல போடக் கூடாதுன்னு கணக்கே வெச்சிருக்காங்களாம். எங்க பையன் அங்க லீக் ஆடிட்டு, லீவுக்கு ஊருக்கு வந்தா ஏரியில எங்களுக்காகவும் போட்டுக்கிட்டிருந்தான். எந்தக் கணக்கும் இல்ல.

"எப்பலேருந்துடா வலிக்குது?"ன்னேன்.

"மூணு மாசமா மாமா."

"ஏன்டா சொல்லல?"

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னான்: "வலிக்குதுன்னு சொன்னா, விக்கெட் எடுக்க முடியாம சாக்கு சொல்றான்னு நெனைப்பீங்களோன்னு பயமா இருந்துச்சு மாமா."

அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

அஞ்சு மாசம் பந்தைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. வீட்டுல படுத்துக் கெடந்தவன் போன்ல படமா பாத்தான். ஒரு நாள் என்னையும் கூப்பிட்டு ஒண்ணு காட்டினான். 2008ல அமெரிக்காக்காரங்க இந்தியாவுக்கு வந்து, வேகமா பந்து எறியிற பசங்களைத் தேடி ஒரு போட்டி வெச்சாங்க. உத்தரப் பிரதேசத்துல ஈட்டி எறிஞ்சுக்கிட்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல்னு ரெண்டு பேரு ஜெயிச்சாங்க. பேஸ்பால்னா என்னன்னே தெரியாத பசங்க. கூட்டிக்கிட்டுப் போய்ப் பழக்கி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ரெண்டு பேரையும் எடுத்துக்குச்சு. 'மில்லியன் டாலர் ஆர்ம்'னு 2014ல படமாவும் வந்துச்சு.

படத்துல அவங்களை அணியில எடுத்ததும் கதை முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு பையன்தான் தேடிப் படிச்சு சொன்னான். அங்கேயும் பெரிய லீக்குக்குக் கீழ படிப்படியா சின்ன லீக்குங்க இருக்கு, நம்ம டிவிஷன் மாதிரி. வருஷக்கணக்கா அங்க ஆடித்தான் ஏறணும். தினேஷைச் சீக்கிரமே விட்டுட்டாங்க. ரிங்கு இன்னும் சில வருஷம் ஆடினாரு. அப்புறம் கையில அடி, ஆபரேஷன். ரெண்டு பேருமே பெரிய லீக்ல ஒரு மேட்ச் கூட ஆடல. ரிங்கு பின்னாடி டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தத்துக்குப் போயிட்டாரு.

"படம் எடுத்தது எல்லாம் சரி மாமா. அதுக்கப்புறம் அவங்க ஊர்க்காரங்களைப் பாத்து என்ன சொல்லியிருப்பாங்க?"ன்னான். என்கிட்ட பதில் இல்ல.

அதுக்கப்புறம்தான் நடராஜன் கதையை நானும் திரும்ப யோசிச்சுப் பாத்தேன். நாங்க டீக்கடையில சொன்ன கதையில தறிக் கொட்டாய் இருந்துச்சு, பிரிஸ்பேன் இருந்துச்சு. நடுவுல ஒண்ணும் இல்ல. ஆனா அந்த நடுவுலதான் எல்லாமே நடந்திருக்கு. இருபது வயசு வரைக்கும் அவரு டென்னிஸ் பந்துதான். சென்னையில நாலாவது டிவிஷன்லதான் ஆரம்பிச்சாரு. 2015 ஜனவரியில ரஞ்சியில முதல் ஆட்டம். அதுலயே பந்து போடுற விதம் சரியில்லன்னு புகார். ஒதுங்கிப்போய், கை போற போக்கையே மாத்தி, புதுசா கத்துக்கிட்டு, 2016 டிஎன்பிஎல்ல திண்டுக்கல் அணிக்கு யார்க்கர் போட்டுத்தான் திரும்ப வந்தாரு. 2017ல பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்துச்சு. ஆறு மேட்ச், ரெண்டு விக்கெட். அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்துட்டு, 2018, 2019 ரெண்டு ஐபிஎல்லயும் ஒரு மேட்ச் கூட எறக்கல. 2020லதான் 16 விக்கெட். இந்தியாவுக்கு ஆடுறப்ப வயசு 29.

இப்ப சொல்லுங்க. 2015ல அவரு கை மாத்திக்கிட்டிருந்தப்ப, என்னை மாதிரி ஒரு மாமா ஞாயித்துக்கெழமை போன் போட்டு எத்தனை விக்கெட்னு கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? அவருக்கு சொந்த ஊர்லயே ஜெயப்பிரகாஷ்னு ஒரு அண்ணன் கூட நின்னாரு. அந்த நன்றிக்குத்தான் 'ஜேபி'ங்கிற எழுத்தை நடராஜன் சட்டை முதுகுல போட்டுக்கிட்டாரு. கூட நிக்குறதும் வாசல்ல நின்னு வசூல் கேக்குறதும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். எங்களுக்கு வித்தியாசம் தெரியல.

ஏறிப்போன பிறகும் இது விடுறதில்ல. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்தப்ப ஊர்ல குதிரை பூட்டுன வண்டியில வெச்சு ஊர்வலம் விட்டாங்க. அந்த ஏப்ரல்லயே முட்டியில ஆபரேஷன். ரெண்டாவது டெஸ்ட் இன்னும் அமையல. 2024 ஐபிஎல்ல 19 விக்கெட் எடுத்தாரு. 2025க்கு டெல்லி 10.75 கோடி குடுத்து எடுத்துட்டு, விரல் விட்டு எண்ணுற மேட்ச்தான் ஆட விட்டுச்சு. எங்க டீக்கடையில உடனே, "அவ்ளோ காசு வாங்கிட்டு இன்னா பண்றாரு?"ன்னு பேச்சு. அந்தக் காசுல இவங்க குடுத்தது ஒத்த ரூபா இல்ல.

நான் ரசிகனா இருக்குறதே தப்புன்னு சொல்ல வரல. ஊர் வசூல் பண்ணாம இருந்திருந்தா எங்க பையனுக்கு ஷூவே இல்ல. எதிர்பாக்க ஆளில்லாத பசங்க எத்தனையோ பேரு திறமையோட ஏரியிலயே நின்னுட்டாங்க, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா நாங்க ஆசைப்பட்ட வேகத்துக்கு அவன் எலும்பு வளரல. இதைத்தான் நாங்க யாரும் கணக்குல எடுத்துக்கல.

மல்லாட்டையிலயும் இந்த அவசரம் உண்டு. அம்பதாம் நாள்லயே ஒரு செடியைப் புடுங்கிப் பாக்க கை துறுதுறுன்னும். பாக்குறதுக்காகப் புடுங்குன செடி திரும்ப மண்ணுல நிக்காது. ஒரு செடி போனா எனக்கு நஷ்டம் இல்ல, கொல்லை முழுக்க செடி இருக்கு. அக்காவுக்கு இருக்குறது ஒத்தப் புள்ளை.

போன வாரம் டாக்டர் மெதுவா ஆரம்பிக்கலாம்னாரு. ரெண்டு எட்டு நடந்துவந்து ஆறு பந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஏரியில போட்டான். நான் போகல. போனா முகத்துல காட்டிக்குவேன்னு பயம். மோட்டார் கொட்டாய்ல இருந்து பாத்தா தூரத்துல சின்னதா தெரிஞ்சான். ஃப்ளெக்ஸ்ல இருந்த பேரை இனிமே யாரும் சொல்லக் கூடாதுன்னு டீக்கடையில நானே சொல்லிட்டேன். ரெண்டு பேருக்கு என் மேல வருத்தம். "ஊக்கம் குடுத்தா தப்பா?"ன்னு கேட்டாங்க. பரவால்ல.

அடுத்த நாளே சென்னைக்குக் கெளம்பிட்டான். பயிற்சியை அங்கேயே டீம் ஆளு பாத்துக்குறாராம். இந்த ஞாயித்துக்கெழமை போன் போட்டேன். சாப்டியான்னு கேட்டேன். ரூம்ல ஃபேன் ஓடுதான்னு கேட்டேன். அக்கா அனுப்புன ஊறுகாய் வந்துச்சான்னு கேட்டேன். விக்கெட்டைப் பத்தி கேக்காம அஞ்சு நிமிஷம் பேசுறது இவ்ளோ கஷ்டம்னு அப்பதான் தெரிஞ்சுது. பேச்சு தீந்துபோச்சு. ரெண்டு பக்கமும் சத்தம் இல்ல.

"மாமா, வேற ஒண்ணும் கேக்கலியா?"ன்னான்.

"இல்லடா. மல்லாட்டைக்குத் தண்ணி கட்டணும்"னேன்.

"இன்னிக்கு எட்டு பந்து போட்டேன் மாமா. வலி இல்ல"ன்னான் அவனே.