காலி நாற்காலிகளின் விலை

அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான ஹோம் டிப்போவின் தலைமைச் செயல் அதிகாரி ராபர்ட் நார்டெல்லி 2007 ஜனவரியில் பதவி விலகியபோது, அவருக்குக் கிடைத்த தொகை சுமார் 21 கோடி டாலர். அவர் தலைமை தாங்கிய ஆறு ஆண்டுகளில் பங்கு விலை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது; போட்டியாளரான லோவ்ஸின் பங்கோ வெகுவாக உயர்ந்தது. 2006 மே மாதம் நடந்த பங்குதாரர் ஆண்டுக் கூட்டத்துக்கு நார்டெல்லியைத் தவிர வேறு எந்த இயக்குநரும் வரவில்லை. அந்தப் பெருந்தொகையைவிட, காலியாகக் கிடந்த அந்த நாற்காலிகள்தான் பெரிய குற்றம் என்பேன்.

விற்பனையும் லாபமும் கூடினவே, ஒப்பந்தப்படிதானே கொடுத்தார்கள் என்று கேட்கலாம். கூடியது உண்மை. ஆனால் அந்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்ததும் இயக்குநர் குழுதான். தோற்றாலும் பணம் உறுதி என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு எந்த முகத்தோடு கணக்குக் கேட்பது? பணத்தைக் கொட்டாவிட்டால் திறமைசாலிகள் வரமாட்டார்கள் என்பதும் நிற்காது. அடுத்து வந்த ஃபிராங்க் பிளேக் மிகக் குறைந்த ஊதியத்துக்கு ஒப்புக்கொண்டு நிறுவனத்தை நிமிர்த்தினார். 2010-இல் அமெரிக்காவில் வந்த டாட்-ஃபிராங்க் சட்டம், உயர் அதிகாரிகளின் ஊதியம் குறித்து வாக்களிக்கும் உரிமையைப் பங்குதாரர்களுக்குத் தந்தது. ஆனால் அந்த வாக்கு வெறும் ஆலோசனை, குழுவைக் கட்டுப்படுத்தாது. எனவே ஓய்வூதிய நிதிகள் போன்ற பெரிய பங்குதாரர்கள், இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்குத் தலையாட்டும் இயக்குநர்களுக்கு எதிராகவே வாக்களிக்க வேண்டும். பதவி போகும் என்ற அச்சம் வந்தால்தான் குழு விழித்திருக்கும்.