எஃகைப் பற்றும் கிருமி

முறிந்த எலும்பை எஃகுத் தகடு வைத்துத் திருகாணி முடுக்கிச் சேர்க்கிறார்கள். தேய்ந்த இடுப்பு மூட்டை நீக்கிச் செயற்கை மூட்டே பொருத்துகிறார்கள். முடங்கியவரை நடக்க வைக்கும் இந்த அரிய கலைக்கு ஓர் உட்பகை உண்டு. அது நம் தோலின்மேல் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்னும் கிருமி.

அதன் கொடிய உறவினன் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். 1957இல் எலெக், கோனென் என்னும் ஆய்வாளர்கள் தொண்டர்களின் தோலில் அதைச் சோதித்தனர். வெறும் தோலில் சீழ் உண்டாக்கப் பல இலட்சம் கிருமிகள் வேண்டியிருந்தன. தையல் நூல் ஒன்று உடனிருந்தபோதோ சில நூறே போதுமானதாயிற்று! அயற்பொருள் ஒன்று கிடைத்தால் கிருமிக்கு அத்தனை வலிமை.

காரணம் என்ன? உடலுக்குள் வைத்த உலோகத்தின்மேல் ஃபைப்ரினோஜென், ஃபைப்ரோனெக்டின் முதலிய நம் குருதிப் புரதங்களே உடனே படிகின்றன. ஆரியஸிடம் எஃப்.என்.பி., சி.எல்.எஃப். என்னும் மரபணுக்கள் உள்ளன. அவை ஆக்கும் புரதங்கள் அந்தப் படிவைக் கைபோல் பற்றிக்கொள்கின்றன. எபிடெர்மிடிஸுக்கு எஸ்.டி.ஆர்.ஜி. அத்தொழிலைச் செய்கிறது. பற்றிய பின், 1996இல் விளக்கப்பட்ட ஐ.சி.ஏ. மரபணுத் தொகுதி ஒருவகைச் சர்க்கரைப் பசையைச் சுரக்கச் செய்கிறது. கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டி, படலமாகி, உள்ளே சோம்பிக் கிடக்கின்றன. தனியே திரியும் கிருமியைக் கொல்லும் மருந்து அங்கே தோற்றுப்போகிறது.

சென்ற ஆண்டு மன்னார்குடியிலுள்ள என் பெரியப்பாவுக்குத் தொடையில் வைத்த தகட்டைச் சுற்றிச் சீழ் கட்டியது. தகட்டை எடுத்தே ஆகவேண்டும் என்றார் மருத்துவர். “காலைக் காக்க வைத்ததைக் கழற்றுவதா? ஊசி போட்டால் ஆறாதா?” என்று மறுத்துவிட்டார் பெரியப்பா. தில்லியில் நுண்ணுயிரியல் பயிலும் பிள்ளை என்பதால் எடுத்துச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. வகுப்பில் கேட்ட ஆங்கிலச் சொற்கள் அவருக்குப் பயன்படுமா? தொலைபேசியில் இப்படிக் கேட்டேன்:

“பெரியப்பா, குளத்துப் படியில் பாசி பிடித்தால் தண்ணீர் ஊற்றினால் போய்விடுமா?”

“போகாதப்பா, சுரண்ட வேண்டும்.”

“சுரண்டியும் போகாவிட்டால்?”

“கல்லைத்தான் மாற்ற வேண்டும்” என்றவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஆபரேஷன் என்றைக்காம்?” என்று கேட்டார்.

தகட்டை எடுத்தார்கள்; பல வாரம் மருந்து கொடுத்தார்கள். இன்று கைத்தடி ஊன்றி நடக்கிறார்.

ஐ.சி.ஏ. இருக்கிறதா என்று பார்த்து மட்டும் கிருமியின் குணத்தை முடிவு செய்ய இயலாது. தீங்கு செய்யாத கிருமிகள் சிலவற்றிலும் அது உண்டு. அது இல்லாமலே புரதத்தால் படலம் கட்டுபவையும் உண்டு. ஆகவே பற்றுமுன் தடுப்பதே மேல். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி அறுவை அறையின் காற்றை வடிகட்டி, வேறு காப்புகளும் செய்தபோது, இடுப்பு மூட்டில் நூற்றுக்கு ஏழளவில் இருந்த சீழ்த்தொல்லை ஒன்றுக்கும் கீழே இறங்கியது. எலும்பு பற்ற வேண்டும், கிருமி பற்றக்கூடாது. அத்தகைய உலோகப் பரப்பை ஆக்கும் முயற்சி இன்றும் நடந்து வருகிறது. பொறியியல் பயிலும் நண்பர்களே, இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது.