பால் மரம் நிறைந்த பசிலான்

சபாவின் கிழக்குக் கரையிலிருந்து வடகிழக்கே, சூலு தீவுகளைத் தாண்டினால் வருவது பசிலான். பிலிப்பீன்ஸ் நாட்டுத் தீவு. சம்புவாங்கா துறைமுகத்திலிருந்து படகேறினால் இசபெலா நகரில் இறங்கலாம்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வாசகர்களே! அந்தத் தீவு உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. வரிசை வரிசையாய்ப் பால் மரம், மரத்துக்கு மரம் மங்கு. ரப்பரும் தென்னையும்தான் பிழைப்பு. முதலாளிகளிடமிருந்த பெரிய தோட்டங்கள் சில, நிலச் சீர்திருத்தத்தால் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கே வந்துவிட்டன. நமக்குச் சற்றுப் பொறாமை தரும் செய்திதான்! யாக்கான் இனப் பெண்கள் கைத்தறியில் நெய்யும் வண்ணத் துணியையும் மறக்காமல் பாருங்கள்.

இத்தனை வளமிருந்தும் பசிலான் என்றாலே பலர் அஞ்சியதற்குக் காரணம் அபு சயாப் கூட்டம்.

மோரோ தேசிய விடுதலை முன்னணி, முஸ்லிம் மக்களின் உரிமைக்காகப் போராடிப் பின்னர் அரசாங்கத்துடன் பேச்சில் இறங்கியது. அது பிடிக்காதவர்களைச் சேர்த்துக்கொண்டு, 1990களின் தொடக்கத்தில் பசிலானைச் சேர்ந்த அப்துராஜாக் ஜஞ்சலானி தனிக்கூட்டம் அமைத்தார். அல் காயிதாவின் உறவும் கிடைத்தது. 1998 டிசம்பரில் லமித்தானில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தம்பி கடாபி தலைமைக்கு வந்தார்.

அதன்பின் கொள்கை பின்னால் போய்ப் பணம் முன்னால் வந்தது. 2000 மார்ச்சில் பசிலானின் துமாஹுபோங் வட்டாரத்தில் ஆசிரியர்களும் பள்ளிப் பிள்ளைகளுமாக 50 பேருக்கு மேல் கடத்தப்பட்டார்கள். பள்ளியை நடத்திய பாதிரியார் உயிரோடு திரும்பவில்லை. அடுத்த மாதமே, ஜோலோ தீவுப் பிரிவினர் நம் சிப்பாடானுக்கு வந்து 21 பேரைப் படகில் கொண்டுபோனதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களில் மலேசியத் தொழிலாளர்களும் இருந்தார்கள். லிபியா தலையிட்டது, பெருந்தொகை கைமாறியதாகப் பேசப்பட்டது. ஆள் கடத்துவது அதன்பின் தொழிலாகவே ஆகிவிட்டது.

கடாபி 2006இல் ஜோலோவில் மடிந்தார். 2014இல் இஸ்னிலோன் ஹபிலோன் ஐ.எஸ். இயக்கத்துக்கு விசுவாசம் தெரிவித்தார். ஜோலோவின் பழைய தலைவர்கள் சிலர் அதில் சேரவில்லை. 2017இல் மராவி நகரைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாதம் நடந்த சண்டையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்டோபரில் ஹபிலோனும் வீழ்ந்தார்.

தலைவர்கள் கொடியை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மரம் சீவியவர்களோ எந்தக் கொடியையும் கேட்டவர்கள் அல்லர். ஆயினும் 2012 ஜூலையில், சுமிசிப் பகுதியில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச்சென்ற லாரியை மறித்துச் சுட்டதில் 6 பேர் இறந்தனர். விடியலில் பெரட்டு முடிந்து நீங்கள் லாரியில் ஏறும் நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

2025 ஜூனில், பசிலானில் அபு சயாப் இனி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் துப்பாக்கியை ஒப்படைத்து ஊர் திரும்பியிருந்தார்கள். அவர்களும், அவர்களால் மகனையோ கணவனையோ பறிகொடுத்தவர்களும் இன்று அதே தீவில்தான் குடியிருக்கிறார்கள்.