காயலான் கடை ஃபேனும் கோத்தகிரி ஏற்றமும்

கோத்தகிரிக்குக் கீழே மூன்று ஏக்கரில் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிற குடும்பம் அது. வீட்டுக்காரருக்கு வயது 46. நிலத்துக்கு அடுத்தபடி அவர்களுக்கு இருக்கிற ஒரே சொத்து 18 வருடப் பழைய டீசல் பிக்கப் வண்டி. இறங்கும்போது கேரட் மூட்டை, ஏறும்போது கோழி எரு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 33 கிலோமீட்டருக்குள் சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். பாரம் ஏற்றிய பழைய இன்ஜினுக்கு அது சாதாரண வேலை அல்ல.

போன வருடம் அறுவடை நேரத்தில் ரேடியேட்டர் ஃபேனின் ஒரு இறக்கை விண்டு, ரேடியேட்டரையே கிழித்துவிட்டது. பழைய பிளாஸ்டிக் இறக்கைகளில் அடிப்பகுதியில் மயிரிழைபோல் விரிசல் விடும், யாரும் பார்ப்பதில்லை. ஒரு இறக்கை போனால் மீதி ஃபேன் ஆட்டத்தோடு சுற்றி வாட்டர் பம்ப் பேரிங்கையும் கெடுக்கும். இவருக்கும் அதுதான் நடந்தது.

காரமடையில் இருக்கிற மெக்கானிக் பார்த்துவிட்டு, "பம்ப் இன்னிக்கே மாத்திரலாம் தம்பி. ரேடியேட்டரையும் அடைச்சுத் தர்றேன். ஒரிஜினல் ஃபேன் வர ஒரு வாரமாகுமுங்க" என்றார்.

"ஒரு வாரம் கேரட்டை மண்ணுலயே விட முடியுமாங்ணா? வெடிச்சுப் போயிரும். வேற வழி சொல்லுங்க."

வேறு வழி, கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடையில் கிடைத்தது. உடைத்த காரிலிருந்து கழற்றிய எலக்ட்ரிக் ஃபேன். விலை 1,400 ரூபாய். வாங்கும்போது மெக்கானிக் சொல்லி அனுப்பியபடி செய்தார். கையால் சுற்றிப் பார்த்தார், உரசல் இல்லை. தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. கடை பேட்டரியில் பத்து நிமிடம் ஓட விட்டு, மோட்டார் கை பொறுக்காத சூடு ஏறவில்லை என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தார். இது 12 வோல்ட் வண்டி என்பதால் கார் ஃபேன் பொருந்தியது. 24 வோல்ட் லாரியில் இதை மாட்டினால் மோட்டார் எரிந்துவிடும்.

மாட்டிய விதத்திலும் குறை இல்லை. பழைய ஃபேனைக் கழற்றியதும் அதே நீள போல்ட்டைத் திரும்பப் போட்டால் புல்லி இறுகாது என்று குட்டை போல்ட் போட்டார்கள். பெல்ட்டைத் தொடவில்லை, வாட்டர் பம்ப் சுற்றுவது அதனால்தான். ஃபேனை ரேடியேட்டர் சல்லடையில் டேக் போட்டுக் கட்டாமல், சட்டத்தில் பட்டை அடித்து நிறுத்தினார்கள். முன்பக்கம் செய்தித்தாளைப் பிடித்ததும் சர்ரென்று ஒட்டிக்கொண்டது, காற்று சரியான திசையில் இழுக்கிறது என்று தெரிந்தது.

பிழை வயரில் இருந்தது. சாவி சுவிட்சிலிருந்து மெல்லிய வயர் ஒன்றை இழுத்து, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து, முறுக்கி டேப் சுற்றிவிட்டார் ஒரு எலக்ட்ரீஷியன் பையன். ரிலே இல்லை, ஃபியூஸும் இல்லை. அந்த ஃபேன் ஓடும்போது 18 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. வீட்டு பல்புக்குப் போடுகிற வயர் இதைத் தாங்காது.

பத்து நாள் ஓடியது. பதினோராவது நாள் இரவு, 30 மூட்டை எருவோடு ஏறும்போது மழை. ஹெட்லைட், வைப்பர், ஃபேன் மூன்றும் ஒன்றாக ஓடின. லைட் மங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிதான் முதலில் சொன்னார்: "ஏங்க, ஏதோ கருகுற வாசம் வருதுங்க." அவர் ஓரம் கட்டுவதற்குள் ஃபேன் நின்று, சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. உடனே இன்ஜினை அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றினார். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த நொடியில் முகத்தில் சீறும். கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, இருட்டில், முக்கால் மணி நேரம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஹெட் கேஸ்கட் தப்பியது. போயிருந்தால் அந்தப் போக கேரட் காசு முழுக்க ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போயிருக்கும். ஃபியூஸ் இல்லாத வயர் அது, வண்டியே பற்றியிருக்கலாம் என்பதை மறுநாள் உருகிய வயரைப் பார்த்தபோதுதான் இருவரும் உணர்ந்தார்கள். அந்த அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்தார்கள். ஒரு பெரிய ஃபேனுக்குப் பதில், தகரக் கூட்டோடு இருந்த இரட்டை ஃபேன். கூடு முக்கியம், அது இல்லாவிட்டால் ஃபேனுக்கு நேரே இருக்கிற வட்டத்தில் மட்டும்தான் காற்று போகும். ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி ரிலே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ், 4 சதுர மில்லிமீட்டர் வயர், பெயின்ட் சுரண்டிய இடத்தில் பாடி எர்த். சுவிட்ச் போட மறந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியே வராதபடி தெர்மோ சுவிட்ச்: முதல் ஃபேன் 92 டிகிரியில், அடுத்தது 98-ல்.

கிளாம்ப் மீட்டரில் பார்த்தபோது இரண்டும் சேர்ந்து 28 ஆம்பியர். ஹெட்லைட்டுக்கு ஒன்பது, வைப்பருக்கு நாலைந்து. ஆல்டர்னேட்டர் 45 ஆம்பியர் கொள்ளளவு. ஏற்றத்தில் இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் சமாளிக்கிறது. ஐடிலில் நிறுத்திவைத்தால் பேட்டரியிலிருந்துதான் எடுக்கும்.

டீக்கடையில் மைலேஜ் எகிறிவிடும் என்பார்கள். அப்படியெல்லாம் எகிறாது. மின்சாரமும் அதே இன்ஜினிலிருந்துதான் வருகிறது. லாபம், தேவையில்லாத நேரத்தில் ஃபேன் ஓடாமல் இருப்பதுதான். கேரட்டோடு இறங்கும்போது ஃபேன் பெரும்பாலும் சும்மாவே இருக்கிறது. சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே போதும். ஆனால் பாரத்தோடு இரண்டாம் கியரில் ஏறும்போது நிலைமை தலைகீழ். பழைய ஃபேன் இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து சுற்றும்; கார் ஃபேனுக்கு ஒரே வேகம்தான். அதனால் இப்போது ஏறும்போது 20 மூட்டைக்கு மேல் ஏற்றுவதில்லை. இறக்கத்தில் மிச்சமாகிற டீசலை அந்தக் கூடுதல் நடை தின்றுவிடுகிறது.

இதைப் பார்த்துவிட்டு டிராக்டருக்கும் மாட்டலாமா என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார். வேண்டாம். டிராக்டர் நின்ற இடத்தில், முழு பாரத்தில், தூசியிலும் பதரிலும் வேலை செய்கிற இயந்திரம். எதிர்க்காற்று என்பதே அதற்குக் கிடையாது. அதற்கு ரேடியேட்டர் சல்லடையை நாள்தோறும் ஊதி, பெல்ட் இறுக்கத்தைப் பார்த்தாலே சூட்டுத் தொல்லை பெரும்பாலும் வராது.

ஒரிஜினல் ஃபேனையும் அவர் வாங்கிவிட்டார். சாக்கில் சுற்றி எருக் கொட்டகைப் பரணில் கிடக்கிறது. ஆடிப் பட்டத்துக்கு முன் எரு நிறைய ஏற்ற வேண்டியிருப்பதால் அதையே திரும்ப மாட்டச் சொல்கிறார் மெக்கானிக். மனைவியும் அதே பக்கம்தான். இறங்கும்போது அந்த ஃபேன் ஓயாமல் போடுகிற இரைச்சலை நினைத்து அவர் மட்டும் இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார்.