காரை நான் மறுத்த காரணம்



பிழைப்பின் நிமித்தம் தமிழ்நாட்டைவிட்டுத் தூரத்து மாநகரங்களில் குடியேறிய நம்மில் அநேகருக்குச் சொந்தக் கார் என்பது பயண வசதி மாத்திரமல்ல. ஊராருக்குக் காட்ட வேண்டிய ஒரு சான்றும்கூட. கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ போனால், "அங்கே வண்டி ஏதும் வாங்கியாச்சா?" என்ற கேள்வி நமக்கு முன்னே திண்ணையில் உட்கார்ந்திருக்கும். என்னையும் கேட்டார்கள். கொல்கத்தாவுக்கு வந்த நாள் முதல் இருபத்தாறு ஆண்டுகளாக நான் சொல்லிவந்த பதில், "சைக்கிள் இருக்கிறது" என்பதே. அந்தப் பதிலைச் சொல்லும்போது என் குரலில் சற்றுப் பெருமையும் இருந்தது என்று என் மனைவி பிற்பாடு எனக்கு எடுத்துச் சொன்னாள்.

கொல்கத்தாவில் சைக்கிள் ஓட்டுவது இலகுவான காரியமல்ல. 2013-ஆம் ஆண்டில் இந்நகரக் காவல்துறை 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதித்தது. பிறகு அந்த எண்ணிக்கையைக் குறைத்தார்கள். கொரோனா ஊரடங்கிற்குப் பின்பு, 2020 ஜூனில், சில சாலைகளில் தளர்வும் கொடுத்தார்கள். பால் ஊற்றுகிறவரும், பத்திரிகை போடுகிறவரும், கட்டட வேலைக்குப் போகிறவரும் சைக்கிளில் போகிற ஊரில் அந்தத் தடை யாரைப் பாதித்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. நானும் பெரிய சாலைகளைத் தவிர்த்து, சந்துகளை மனப்பாடம் செய்து, அவற்றின் வழியாகவே வீடு சந்திப்புக்குப் போய்வந்தேன்.

2023 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. லேக் மார்க்கெட் பக்கமுள்ள எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு ராஷ்பிஹாரி அவென்யூவைக் கடக்க வேண்டும். ஒரு பேருந்து வருவதற்குள் போய்விடலாம் என்ற அவசரத்தில் சாலையைச் சாய்வாகக் கடந்தேன். முன்சக்கரம் டிராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் இறங்கியது. நான் திருப்பினேன், சக்கரம் திரும்பவில்லை. இந்த இதழை வாசிக்கிறவர்களில் டிராம் பாதை உள்ள சாலையில் சைக்கிளோ பைக்கோ ஓட்டுகிறவர் இருப்பீர்களானால் தயவுசெய்து கேளுங்கள்: தண்டவாளத்தைக் கூடுமானவரை செங்கோணத்தில், நேர் குறுக்காகக் கடந்துபோங்கள். ஈர இரும்பில் சாய்வாகப் போனால் சக்கரம் வழுக்கும், அல்லது பள்ளத்தில் மாட்டும். இருபத்தாறு ஆண்டுகள் நான் இதை அறிந்துதான் இருந்தேன்.

இடது கணுக்காலின் இருபுறமும் எலும்பு முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை செய்து, தகடும் திருகாணிகளும் வைத்தார்கள். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. பிறகு வாக்கர், பிறகு அக்குள் கட்டைகள், அதன்பின் கைத்தடி. மருத்துவர் அன்பாகவே சொன்னார், "ஐம்பதுக்கு மேல் இன்னொரு விழுகை வேண்டாம். சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்." கொடுத்துவிட்டேன். அதைத் தள்ளிக்கொண்டு போன வாலிபன் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்றேன்.

அந்த வாரமே சபையின் சகோதரர்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள். சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் கணினி வேலை பார்க்கும் ஒரு தம்பி, பழைய மாருதி ஒன்று நல்ல நிலையில் வருகிறது என்றும், முன்பணம் தானே கட்டுவதாகவும், மீதித் தவணையைச் சபையார் பகிர்ந்துகொள்ளலாம் என்றும் சொன்னான். "ஐயா, ஹவுராவுக்கு நீங்கள் எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. ஹவுராவில் ஒரு தாயார் இருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர். கணவர் காலமாகி, மகனுடைய ஒற்றை அறை வீட்டில் படுத்த படுக்கையாகிவிட்டவர்கள். வியாழன்தோறும் சைக்கிளை பாபுகாட்டில் நிறுத்திவிட்டு, படகேறி அக்கரைக்குப் போய் அவர்களைப் பார்ப்பேன். நான் விழுந்ததும் அங்கே போகும் வழியில்தான்.

ஆயினும் காரை வேண்டாம் என்றேன். எனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளலாம் என்றாலும், கிளட்சை மிதிக்க வேண்டியது முறிந்த அந்த இடது காலே. ஓட்டுநர் வைத்தால் சம்பளம், எங்கள் சந்தில் வண்டி நிறுத்த இடமில்லை, ஆகையால் நிறுத்துமிட வாடகை, காப்பீடு, பெட்ரோல். இத்தனையும் சேர்ந்தால் எங்கள் நடுவே இரண்டு பிள்ளைகளுடைய பள்ளிக் கட்டணம். எங்களோடு ஆராதிக்கிற பெரும்பாலானோர் பாராசாத்திலிருந்தும் டம்டமிலிருந்தும் நெரிசலான ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள். அவர்களுடைய பணத்தில் நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவதா? இவற்றையெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மையே. அவர்கள் போனபின் என் மனைவி மெதுவாக, "இதில் செலவு எவ்வளவு, உங்கள் பிடிவாதம் எவ்வளவு? கூடவே பையைத் தூக்கிக்கொண்டு அலையப் போகிறவள் நான்தானே" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றும் முழுமையான பதில் என்னிடம் இல்லை.

வேதாகமக் கல்லூரியில் எனக்குக் கிரேக்கம் கற்பித்தார்கள். படி ஏறக் கற்பித்தது இருபத்துநான்கு வயதுள்ள ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட காலும் தடியும் முதலில். தடியை அடிபட்ட காலின் பக்கத்தில் அல்ல, மறு கையில் பிடிக்க வேண்டும். உங்கள் வீட்டில் கால் முறிந்தவர் யாரேனும் இருந்தால் இதைக் கவனியுங்கள். என்னைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் தடி தவறான கையில் இருப்பதாக எனக்குப் புத்தி சொன்னார்கள்.

முதலில் பேருந்து. கொல்கத்தாவின் தனியார் பேருந்து முழுவதும் நிற்பதில்லை; வேகம் தணியும், நாம் ஏறிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முதல் படியோ முழங்கால் உயரம். ஆனால் நடத்துநர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணோ குழந்தையோ இறங்கும்போது வண்டியின் பக்கத் தகரத்தைத் தட்டி, "ஆஸ்தே! லேடீஸ், கோலே பாச்சா!" என்று கத்துவார்கள். மெதுவாகப் போ, பெண்கள் இறங்குகிறார்கள், மடியில் குழந்தை என்று பொருள். குழந்தை இல்லாவிட்டாலும் சிலர் அப்படியே கத்துவதுண்டு. நான் தடியை நீட்டி, "தாதா, ஏக்டு ஆஸ்தே" என்று கேட்கத் தொடங்கியதும் எனக்காகவும் தகரம் தட்டப்பட்டது. கேட்காத நாளில் தட்டப்படவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் எவரிடமும் வழி கேட்காமல் சைக்கிளில் திரிந்த எனக்கு, அந்த ஒரு வார்த்தை வாயில் வர மூன்று வாரம் பிடித்தது. இன்னொரு மாற்றமும் நேரிட்டது. அதுவரை இந்நகரத்தார் என்னை 'தாதா', அண்ணன் என்று அழைத்தார்கள். தடி வந்த மறுநாளே 'தாது', தாத்தா ஆகிவிட்டேன். நடுவே 'காக்கு', சித்தப்பா என்று ஒரு படி உண்டு; அதை எனக்கு ஒருவரும் தரவில்லை.

ஷேர் ஆட்டோ இங்கே குறித்த பாதையில் ஓடும். பின்னால் மூவர், ஓட்டுநர் அருகே ஒருவர். பின்சீட்டில் நடுவில் அகப்பட்டால் கால் மடங்கி வீங்கிவிடும். இடது ஓரம் கிடைக்கும்வரை ஒரு ஆட்டோவை விட்டு அடுத்ததில் ஏறப் பழகினேன். வாடகை வண்டிகளில் மஞ்சள் அம்பாசடரே முடவனுக்கு ஏற்றது: அகன்ற கதவு, உயர்ந்த இருக்கை, காலை நீட்ட இடம். ஆனால் உத்தர்பாராவிலுள்ள ஆலை 2014-ல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பதினைந்து ஆண்டு கடந்த வாடகை வண்டிகள் ஓடக் கூடாது என்ற விதியும் இருப்பதால், அவை ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. செல்போனில் அழைக்கும் கார்களையும் மருத்துவமனைக்குப் போகப் பயன்படுத்தினேன். சொந்தமாகக் கார் வேண்டாம் என்றவன் வாடகைக் காரே வேண்டாம் என்று சாதிக்கவில்லை.

இனி நான் எழுதத் தயங்குகிற ஒரு காரியம். மனிதன் இழுக்கும் கைரிக்ஷாவில் ஏறுவதில்லை என்று இவ்வூருக்கு வந்த புதிதிலேயே தீர்மானித்தேன். ஒருமுறை பிரசங்கத்திலும் அதைச் சொன்னேன். 2006-ல் மேற்கு வங்கச் சட்டமன்றம் அவற்றை ஒழிக்க மசோதா நிறைவேற்றியபோது மகிழ்ந்தேன். அவை முற்றும் ஒழியவில்லை. 2023 செப்டம்பர் மாத மழையில், பௌபஜார் பக்கம் எக்ஸ்ரே எடுத்துத் திரும்பும்போது தெருவில் முழங்காலளவு தண்ணீர். ஆட்டோ இல்லை, கார் வராது. இரண்டு அக்குள் கட்டைகளோடு ஒரு கடைப்படியில் நின்றேன். ஒருவர் ரிக்ஷாவை இழுத்து வந்து நிறுத்தினார். பீகார்க்காரர், என் வயதுதான் இருக்கும். நான் தலையசைத்து மறுத்தேன். அவர் போகவில்லை. கையிலிருந்த சிறு பித்தளை மணியை ரிக்ஷாவின் கம்பில் தட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் இந்தியில், "பாபுஜி, நீங்கள் தண்ணீரில் விழுந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்றார்.

ஏறினேன். அவர் கம்புகளைத் தரைமட்டும் தாழ்த்தினார்; இருக்கை முன்னோக்கிச் சாய்ந்தது. அந்த ஊரில் நான் ஏறிய வண்டிகளில் ஏறுவதற்கு எளிதாயிருந்தது அதுவே. தண்ணீருக்குள் மறைந்திருந்த குழிகளை வெறும் பாதத்தால் தடவித் தடவிப் போனார். என் கால் உலர்ந்திருந்தது. இறங்கும்போது அவர் கேட்டதைவிட அதிகம் கொடுத்தேன். அது என் மனதை ஆற்றவில்லை. அவரும் என்னைப்போலப் பிழைப்புத் தேடி வந்தவர். அந்த வண்டி ஒழிய வேண்டும் என்றே இப்போதும் நினைக்கிறேன். அன்று அது இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் நினைக்கிறேன். பழைய பிரசங்கத்தை மறுபடி செய்ய எனக்குத் துணிவில்லை.

டிசம்பரில், தடியோடு, முதன்முறையாகப் பாபுகாட்டுக்குப் போனேன். ஹூக்ளி ஆற்றில் கடல் ஓதம் ஏறி இறங்கும். படகுத்துறையோ மிதக்கும் தளம். கரையிலிருந்து அதற்கு ஒரு பாலம் சாய்ந்திருக்கும். நீர் ஏறியிருந்தால் பாலம் கிட்டத்தட்ட சமமாக இருக்கும். நீர் வற்றினால் செங்குத்தாக இறங்கும். சைக்கிள் நாட்களில் இதை நான் கவனித்ததேயில்லை. அன்று நீர் வற்றிய வேளை. பாலத்தின் பாதியில் கால் நடுங்கிற்று. பின்னால் அலுவலகத்துக்கு ஓடும் ஜனம். மனைவி என் கையைப் பிடித்துத் திருப்பி அழைத்துவந்தாள். அன்று வீட்டுக்கு வரும்வரை அவள் காரைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஒருவேளை சம்மதித்திருப்பேன்.

எங்களுக்கு வழி ஆற்றுக்கு அடியில் திறந்தது. இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24-ல் இந்நகரத்தில், எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் நடுவே, 3.4 கிலோமீட்டர் தூரம் ஓடியது. அந்தப் பழைய பாதை எங்கள் வீட்டருகே போகிறது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதபடி அதன் வாசல்களில் முதலில் சில படி ஏறவேண்டும், பிறகு பல படி இறங்கவேண்டும்; கைப்பிடி ஓரமாக, கூட்டம் குறைந்த பதினொரு மணிக்குமேல் போனால் சமாளிக்கலாம். எஸ்பிளனேடிலிருந்து ஹவுராவுக்கு 2024 மார்ச் 15-ல் புதிய பாதை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆற்றுக்குக் கீழே சுமார் 520 மீட்டர் சுரங்கம். 45 விநாடிகளில் ரயில் அதைக் கடக்கிறது. ஹவுரா நிலையம் தரைக்குக் கீழே சுமார் 30 மீட்டர் ஆழத்தில் உள்ளது. ஆனாலும் லிஃப்ட் உண்டு. 2025 ஆகஸ்டில் சியால்தாவும் இந்தப் பாதையோடு இணைந்துவிட்டதால், பாராசாத்திலிருந்து வருகிறவர்களுக்கும் இப்போது இது உதவுகிறது.

டிராமின் காரியம் வேறுவிதமாயிற்று. 1873-ல் குதிரைகள் இழுத்து இந்நகரில் தொடங்கிய அதை, எஸ்பிளனேடு–மைதானம் பாதை தவிர நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. என்னைத் தள்ளியது அதன் தண்டவாளமே. ஆனாலும் அவசரமில்லாத அந்த வண்டி, இப்போதைய என் நடைக்குத் தோழனாக இருந்திருக்கும் என்று எண்ணி வருந்தினேன். வண்டி ஓடாத சாலைகளிலும் இரும்பு பல இடங்களில் அப்படியே கிடக்கிறது, சைக்கிள்காரர்கள் ஜாக்கிரதையாயிருங்கள்.

புதிய பாதை திறந்து இரண்டாம் வாரத்து வியாழக்கிழமை, மனைவியோடு ஹவுராவுக்குப் போனேன். எட்டு மாதத்துக்குப் பின் அந்த ஒற்றை அறைக்குள் நுழைந்தேன். தாயார் இளைத்திருந்தார்கள். நெடுநேரம் என் காலையே பார்த்தார்கள்.

"படகுலயா வந்தீய ஐயா, இந்தக் காலை வச்சிக்கிட்டு?"

"இல்லை அம்மா. ஆற்றுக்கு அடியில் ரயில் விட்டிருக்கிறார்கள். அதில் வந்தோம்."

"தண்ணி ஒழுகாதா?"

"ஒழுகவில்லை."

நம்பாதவர்கள்போல என் மனைவியைப் பார்த்தார்கள். அவளும் ஒழுகவில்லை என்றாள். பின்பு மகனைக் கூப்பிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். நடமாடிய காலத்தில் அவர்கள் பிடித்து நடந்த, நான்கு பாதமுள்ள அலுமினியக் கைத்தடி. "இனி எனக்கு இது வேண்டாம். உங்க கம்பு ஒத்தக்கால்ல நிக்குது. இது விழாது. கொண்டுபோங்க" என்றார்கள்.

வேண்டாம் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டேன். திரும்புகையில் ஹவுரா நிலையத்து லிஃப்டில் இரண்டு தடிகளோடு கீழே இறங்கினேன். பையை அவள் வைத்திருந்தாள்.