எதைப் படிப்பது? எதைக் கேட்பது?

படிக்கத் தகுந்த புத்தகம் எது, கேட்கத் தகுந்த பாட்டு எது, பணங்கொடுத்துப் பார்க்கத் தகுந்த படம் எது என்று நண்பர்கள் பலர் நம்மைக் கேட்பதுண்டு. தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணியிடம் இதையெல்லாம் கேட்பானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். இங்கிலீஷ் பள்ளியிற் படித்தும் தமிழைக் கைவிடாதிருப்பது ஒன்றே நமக்குள்ள தகுதி. அதற்குமேல் நாம் எதற்கும் உரிமை கொண்டாடவில்லை.

எதையும் ஒரே அளவுகோல் கொண்டு அளப்பது நமது வழக்கம். அந்த அளவுகோலை நமக்குக் கொடுத்தது கிள்ளான். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர்.எச். நாதன் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க படிப்பு, கள்ளுக்கடை ஒழிப்பு முதலியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் அவர்களுடைய பட்டியலில் இருந்தது. தொழிலாளி சைக்கிளில் செல்லும்பொழுது எதிரே துரையோ கிராணியோ வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். கூலிக் கோரிக்கை வயிற்றைப் பற்றியது. சைக்கிள் கோரிக்கை முதுகெலும்பைப் பற்றியது. அன்று எந்த உத்தியோகத்தைக் கண்டு அவர்கள் இறங்கி நின்றார்களோ அந்த உத்தியோகத்தையே நாம் இன்று பார்த்து வருகிறோம். ஆகவே இதை மறக்க நமக்கு உரிமையில்லை. ஒரு நூலோ, பாட்டோ, படமோ மனிதனைச் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லுகிறதா, நிமிர்ந்து ஓட்டிச் செல்லச் சொல்லுகிறதா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

முதலில் ஆன்மிக நூல்களைச் சொல்லிவிடுவோம். சீர்திருத்தப் பத்திரிகையில் சாமி நூலுக்குச் சிபாரிசா என்று தோழர்கள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். நடந்து சுற்றக்கூடிய சில தெருக்களுக்குள்ளேயே கந்தசுவாமி கோயிலும், சிங்களப் பௌத்தர்கள் 1894-இல் ஏற்படுத்திய மகா விகாரையும், மாதாகோயில்களும், 1904-இல் தோன்றிய விவேகானந்த ஆசிரமமும் இருக்கின்றன. கடவுளுக்கு அங்கே பஞ்சமில்லை, ஒலிபெருக்கிக்கும் பஞ்சமில்லை. ஆனால் கும்பிடுகிறவர்களில் எத்தனை பேர் தம் சமயத்து நூலொன்றைத் தாமே திறந்து படித்திருக்கிறார்கள்? படியாதவனுக்குத் தரகன் தேவைப்படுகிறான். தரகனை ஒழிக்க விரும்புகிறவன் நூலைப் பிறர் கையில் விட்டுவைக்கலாகாது என்பது நமது அபிப்பிராயம்.

ஆகவே நாம் முதலிற் சொல்லுவது இராமலிங்க அடிகளாரின் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’. இது செய்யுளன்று, வசனம். ஆதலால் யாவரும் படிக்கலாம். பசி வந்தால் மனிதனுடைய அறிவும் கண்ணும் காதும் என்ன பாடுபடும் என்பதை வைத்தியர் நோயை விவரிப்பதுபோல அடிகள் விவரிக்கிறார். பிறவுயிரின் பசியைப் போக்குவதே வழிபாடு என்று முடிக்கிறார். எழுதியதோடு நில்லாமல் 1867-இல் வடலூரில் தருமச்சாலையும் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பில் இன்றுவரையில் சோறு வெந்துகொண்டிருக்கிறது. சாதியும் சமயமும் கேட்டுப் போடுகிற சோறன்று அது. கடவுளை நம்பாத தோழரும் இந்நூலைப் படிக்கலாம். அதில் அவருக்கு வேண்டாதது சிலவே இருக்கும், வேண்டியது நிரம்ப இருக்கும்.

இரண்டாவது, நம்மைப்போல இங்கிலீஷ் பள்ளியிற் படித்தவர்களுக்காக. பழந்தமிழ்ச் செய்யுளைக் கண்டால் மிரளுகிறவர்கள் ஜி.யு. போப்பின் திருவாசகப் பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். 1839-இல் பாதிரியாராகத் தென்னாட்டுக்கு வந்த அவர், தமது எண்பதாம் வயதில், 1900-இல், அதை வெளியிட்டார். தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தே இருப்பதால் மொழிபெயர்ப்பைப் பிடித்துக்கொண்டு மூலத்திற்குள் இறங்கலாம். பிற சமயத்தை மாற்ற வந்த ஒருவர் அச்சமயத்தின் பாட்டுக்குத் தமது முதுமையைச் செலவிட்டார் என்பதே ஒரு படிப்பினை. பிறர் நூலைப் படியாமலே பழிக்கும் நமது சமய வாதிகளும், நமது தோழர்களில் சிலரும், இதைக் கவனிக்க வேண்டும்.

நிற்க, சங்கீதத்துக்கு வருவோம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் கீர்த்தனைகளை நாம் முதலில் வைக்கிறோம். 1942-இல் ஜெமினியார் எடுத்த ‘நந்தனார்’ படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகரே நந்தனாக நடித்துப் பாடியிருக்கிறார். பெரிய புராணத்தில் இல்லாத பண்ணை முதலாளியைப் பாரதியார் தம் கதையில் கொண்டுவந்தார். சிதம்பரம் போக விடுமுறை கேட்கும் நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறான் அந்த ஆண்டை. தோட்டத்தில் விடுமுறை கேட்டு நின்ற குடும்பங்களிற் பிறந்தவர்களுக்கு இந்தக் கட்டத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கதையின் முடிவோ நமக்கு உடன்பாடன்று. நந்தன் ஏன் நெருப்பில் மூழ்கி எழ வேண்டும்? அழுக்கு இருந்தது அவனைத் தடுத்த வாசலில். இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே பாட்டையும் கேட்கலாம்; இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

அடுத்தவர் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா (1925–2015). இஸ்லாமியப் பாட்டுக்களும், திராவிட இயக்கப் பாட்டுக்களும் ஒரே குரலிற் பிறந்தன. அவருடைய பக்திப் பாட்டை இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வீட்டில் கேட்கிறார்கள். பாட்டுக்கு மதில் கட்ட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இனி நம் நாட்டுக் கதைகள். 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கே கொண்டுபோகப்பட்டனர்; மிகப் பலர் திரும்பவில்லை. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறை வரிசைகள் உண்டு. நம்மவரிற் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை. தினமும் பெயர் பதிந்து பிழைக்கும் நமக்கு, ஒரு பெயரும் பதியப்படாத அந்தச் சாவுகள் தூக்கத்தைக் கெடுக்கின்றன. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவல்களை ஒவ்வொரு மலேசியத் தமிழர் வீட்டிலும் வாங்கி வைக்க வேண்டும். அரசாங்கம் எழுதாத பெயரேட்டை எழுத்தாளர் எழுதியிருக்கிறார்கள்.

இங்கிலீஷில் ஒன்று: கே.எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’, 1981-இல் வந்தது. இங்கிலீஷ் பள்ளிக்குப் போகும் பேரன், சொந்த நிலத்துக்கு ஏங்கும் பாட்டி, அந்த ஏக்கத்தில் எரிந்துபோகும் தந்தை ஆகியோருடைய கதை அது. படிப்பு ஒருவனை மேலே தூக்கும்பொழுதே வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் விலக்குகிறது என்பதை நம்மைப் போன்றவர்களுக்கு இந்நூல் தயவுதாட்சணியமின்றிக் காட்டும்.

படங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லுகிறோம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த ‘ஜகாட்’. தீய என்று பொருள்படும் மலாய்ச் சொல்லின் திரிபே பெயராயிற்று. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பமொன்றில் வளரும் அப்போய் என்னும் சிறுவன், அடிக்கும் தகப்பனுக்கும் குண்டர் கும்பலிற் சேர்ந்த சித்தப்பனுக்கும் இடையே எப்படிக் கெடுகிறான் என்பதைப் படம் காட்டுகிறது. உபதேசம் இல்லை, மன்னிப்பும் இல்லை. 2016-இல் இது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதைப் பெற்றது. தேசிய மொழியில் அமையாத படங்களை அவ்விழாவில் தனி வரிசையில் ஒதுக்க முதலில் ஏற்பாடாகி, கண்டனம் எழுந்த பிறகே அந்தப் பிரிவினை கைவிடப்பட்டது என்பதும் நினைவிருக்கட்டும்.

இவற்றையெல்லாம் படித்துக் கேட்டுப் பார்த்து என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நமது மேசைக்கு எதிரே சம்பளம் வாங்க நிற்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காள தேசத்தவருமே. அவர்களும் கடல் கடந்து கடன்பட்டு வந்தவர்கள்தாம். நம் தாத்தாவை எந்தக் குரலில் அழைத்தார்கள் என்று புத்தகத்தில் படித்துக் கண்ணீர் விட்ட நாம், அவர்களை எந்தக் குரலில் அழைக்கிறோம்? படித்ததன் பயனை அங்கேதான் பார்க்க வேண்டும். மேசைக்கு அப்புறம் நிற்பவனை ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லாத படிப்பு, எத்தனை அலமாரி நிறைய இருந்தாலும் வீணே.

இந்தப் பட்டியலில் விட்டுப்போனவை பல உண்டு. வாசகர்கள் தங்கள் தங்கள் பட்டியலை எழுதியனுப்பட்டும். படிக்கத் தெரியாத ஒருவருக்கு வாரத்தில் நாலு பக்கமேனும் உரக்கப் படித்துக் காட்டவும் முன்வரட்டும்.