திரை பிடித்த ராத்திரி

அறுப்பு முடிந்து கழனியெல்லாம் வெடித்துக் கிடக்கும் கோடையில்தான் எங்கள் செய்யாறு பக்கத்து ஊர்களில் பாரதம் வைப்பார்கள். திரௌபதியம்மன் கோயிலில் கொடி ஏறிவிட்டால் மத்தியானத்தில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. பிரசங்கியார் வில்லிபாரதத்தை ராகம் போட்டுப் படித்து அர்த்தம் சொல்வார். வேப்பமர நிழலில் வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்கும் என் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அடுத்து யார் வரப்போகிறார்கள், என்ன பேசப்போகிறார்கள் என்று பிரசங்கியாருக்கு முன்னாடியே என் காதில் சொல்லிவிடுவாள். வெற்றிலையும் புழுதியும் வேப்பம்பூவும் கலந்த அந்த வாசனைக்குள்தான் நான் கர்ணனை முதன்முதலாகச் சந்தித்தேன்.

பிள்ளைகள் யாரும் அங்கே சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. துரியோதனன் சாகும் படுகளச் சடங்குக்காக அவனை மண்ணால் செய்து படுக்க வைப்பார்கள். தலைமாட்டில் நின்று பார்த்தால் பாதம் எங்கேயோ தெரியும். ஏரி மண்ணைக் கூடையில் சுமந்துவருவதும், தண்ணீர் ஊற்றி மிதிப்பதும் எங்கள் வேலை. பெரியவர்கள் மீசையும் மார்பும் பிடிக்க, விரல்களை மட்டும் பையன்களுக்கு விட்டுவிடுவார்கள். ஒரு வருஷம் எனக்கு இடதுகால் கட்டைவிரல் கிடைத்தது. அதற்கு நகம் வைத்து, நகத்துக்கு ஓரம் தீட்டி, ஆயாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். "எம் பேரன் செஞ்ச வெரலு" என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். மறுநாள் பீமன் தொடையில் அடித்து, அம்மன் கூந்தல் முடித்த பிறகு, ஜனங்கள் அந்த மண்ணைப் பிடி பிடியாக அள்ளிக்கொண்டு போனபோது, என் விரல் எந்த வீட்டுக்குப் போகிறதென்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ராத்திரியானால் வேஷம் கட்டும் கொட்டகையை விட்டு நகரமாட்டேன். எண்ணெயில் குழைத்த அரிதாரம், பெட்ரோமாக்ஸ் விளக்கின் மண்ணெண்ணெய், பீடிப் புகை, ஓரமாக முகவீணைக்காரர் சீவாளியை நனைத்து ஊதிப் பார்க்கும் கீச்சுச் சத்தம். கல்யாண முருங்கையில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டிய கட்டைகளைத் தோளிலும் மார்பிலும் கயிறு போட்டு இறுக்க இறுக்க, பகலில் மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த மனிதர், சிவந்த முகத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு துரியோதனனாகிவிடுவார். நான் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் திரை பிடிக்கும் ஆள் வரவில்லை. கூத்து வாத்தியார் என்னைப் பார்த்து, "டேய், இந்த முனையப் புடி, ராசா வராரு" என்றார். திரைக்குப் பின்னால் சலங்கை குதிக்க, மிருதங்கம் நெஞ்சுக்குள் இறங்க, துரியோதனன் விருத்தம் பாட, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாட, கை கடுத்தாலும் துணியை இறக்காமல் நின்றேன். அந்த விருத்தம் இன்றைக்கும் எனக்கு அடி பிசகாமல் வரும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த செய்யுள்களில் பாதிகூட நினைவில் இல்லை.

2002இல் பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரம் பக்கத்தில் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கி, பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுத்ததை அறிந்தபோது எனக்கு அந்தத் திரைதான் ஞாபகம் வந்தது. ஆண்களே காலங்காலமாகப் பெண் வேஷம் கட்டிய கூத்தில், அங்கே பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று மேடையில் பேசுவதைவிட இது எத்தனையோ மடங்கு பெரிய காரியம் என்பேன். வேலை கொடுத்தால் பிள்ளை தானாக ஒட்டிக்கொள்ளும். எட்ட நின்று பார்க்கச் சொன்னால் எழுந்து போய்விடும்.

கோயில் குழுவில் இருக்கிறவர்களே, அடுத்த பாரதத்துக்குப் பிள்ளைகளை நாற்காலி போட்டு உட்காரவைக்காதீர்கள். ஏரி மண்ணைச் சுமக்கவிடுங்கள், திரையைப் பிடிக்கவிடுங்கள். அவர்கள் கையில் இருக்கும் செல்போனைப் பிடுங்கவும் வேண்டாம். உங்கள் ஊர் ஆயாக்களிடமும் வயதான வாத்தியார்களிடமும் உட்காரவைத்து, பாட்டையும் வசனத்தையும், எந்தெந்த வருஷம் யார் யார் வேஷம் கட்டினார்கள் என்பதையும் கேட்டுப் பதியச் சொல்லுங்கள். இந்த வருஷமே சொல்லுங்கள்.